கப்பல் சுற்றுலாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும்: பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கும் மாதங்களில் எங்கள் பொது மருத்துவப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "அப்பாவையும் அம்மாவையும் கப்பலில் அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" பத்து ஆண்டுகளுக்கு முன்பு இக்கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. 2022ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சுற்றுலாக் கப்பல் புறப்படத் தொடங்கியது. சிங்கப்பூர் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து மூன்று அல்லது நான்கு இரவுகள் கப்பலில் கழித்துத் திரும்பும் குடும்பங்களும் பெருகிவிட்டன. மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு இது வசதியான பயணம்தான். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், மின்தூக்கி உண்டு, உணவு அதே இடத்தில் கிடைக்கும். ஆகவே, "செல்லலாம்" என்பதே பெரும்பாலும் எங்கள் விடை.

எனினும், திரும்பி வந்து வருத்தத்துடன் பேசும் குடும்பங்களையும் பார்க்கிறோம். சேமித்து வைத்த பணத்தில் சென்ற பயணம் கேபினுக்குள்ளேயே முடிந்துவிட்டது, குழந்தை வாந்தி எடுத்தது, கூப்பிட்டால் ஆள் வரவில்லை, மருத்துவருக்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள் என்று மனக்குறைகள் வரிசையாக வரும். இவற்றுள் நோய் எது, நிர்வாகத்தின் குறை எது, நோயைத் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை எது என்பது அவர்களுக்கே குழம்பிப் போயிருக்கும். ஏமாற்றம் சில மாதங்களில் ஆறிவிடும். ஆனால், இந்தக் குழப்பத்தால் சிலர் நோயை மறைக்கிறார்கள். அதுவே எங்களைக் கவலைப்படுத்துகிறது. இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

கப்பலில் பரவும் கிருமி

கப்பல்களில் கூட்டமாக வரும் வாந்தி, வயிற்றுப்போக்குக்கு மிகப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நோரோ வைரஸ். சில வகைப் பாக்டீரியாக்களாலும் இது ஏற்படுவதுண்டு. ஆனால் முதலிடம் இந்த வைரஸுக்கே. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள நார்வாக் என்னும் ஊரில், 1968இல் ஒரு தொடக்கப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் நோயுற்றனர். அங்கு எடுத்து வைத்த மாதிரிகளில் 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற அறிவியலாளர் மின்னணு நுண்ணோக்கியின் வழியே இந்த வைரஸைக் கண்டார். அவ்வூரின் பெயரே சுருங்கி 'நோரோ' ஆயிற்று. நமக்கு அருகிலும் இது உண்டு. 2021 நவம்பரில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே பரவியது செய்தியாக வந்தது.

இதன் வலிமை அதன் சிக்கனத்தில் இருக்கிறது. நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் வாய்க்குள் போனாலே நோய் வரக்கூடும். நோயுற்றவரின் ஒரு துளி வாந்தியிலோ மலத்திலோ அவை கோடிக்கணக்கில் இருக்கும். ஒருவர் வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் சுற்றிலும் தெறித்து மேசையிலும் நாற்காலியிலும் தரைவிரிப்பிலும் படிகின்றன. மாடிப்படியின் கைப்பிடி, மின்தூக்கியின் பொத்தான், பஃபே வரிசையில் ஒவ்வொருவரும் தொடும் இடுக்கி ஆகியவற்றின் வழியே அது கைக்குக் கை மாறுகிறது. கிருமி உள்ளே சென்ற 12 முதல் 48 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். பிறகு நீராக வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிசைவு, உடல்வலி, சிலருக்கு லேசான காய்ச்சல். உடல்நலமுள்ளவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

இந்த 12 முதல் 48 மணி நேரக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒன்று புரியும். ஏறிய முதல் நாள் மாலையே வாந்தி எடுப்பவர் பெரும்பாலும் அக்கிருமியைக் கரையிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். "கப்பல் சாப்பாடுதான் கெட்டுப் போயிருந்தது" என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. உணவும் காரணமாகலாம், உடன் வந்த பயணியும் காரணமாகலாம், நம் வீட்டுக் குழந்தையே கூடக் காரணமாகலாம்.

கப்பல் ஒருவகையில் மிதக்கும் கல்யாண மண்டபம். பல ஊர்க்காரர்கள், ஒரே பந்தி, ஒரே கழிப்பறை, ஒரே குழாய். மண்டபத்திலிருந்து மக்கள் அன்றிரவே கலைந்து போய்விடுகிறார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கப்பலில் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. அதன் எல்லைக்குள் வரும் கப்பல்களை முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து 100க்கு மதிப்பெண் அளிக்கிறார்கள். 85 அல்லது அதற்குக் கீழே பெற்றால் தேர்ச்சி இல்லை. பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 விழுக்காட்டினர் நோயுற்றால் அச்செய்தியைப் பொதுமக்கள் அறிய வெளியிடுகிறார்கள். 2014 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோரர் ஆஃப் த சீஸ்' என்ற கப்பலில் 600க்கும் மேற்பட்ட பயணிகள் நோயுற்று, பயணம் பாதியில் முடிந்து கப்பல் துறைமுகம் திரும்பியது இவ்வாறு பதிவானதே. இத்தகைய செய்திகளைப் படிப்பவர்களுக்குக் கப்பலே நோயின் பிறப்பிடம் போலத் தோன்றும். ஆனால் அதே மையத்தின் கணக்குப்படி, பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலுமே மிகுதி. எங்கள் வார்டுகளில் கைகழுவுவதை நாங்கள் ஓயாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அவர்களின் இசைவுடன், அடையாளங்களை மாற்றிக் கூறுகிறோம். தாத்தா, பாட்டி, மகன் குடும்பம், மகள் குடும்பம் என எட்டுப் பேர், நான்கு இரவுப் பயணம். இரண்டாம் நாள் இரவு உணவுக்கூடத்தில் ஆறு வயதுப் பேத்தி வாந்தி எடுத்தாள். கப்பல் மருத்துவர் பார்த்து, குழந்தையும் தாயும் கேபினை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். மறுநாள் மகனுக்கும் வந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தும் பல மணி நேரம் யாரும் வரவில்லை. வந்த உணவு ஆறிப்போயிருந்தது. அழுக்கான படுக்கை விரிப்பு மறுநாள் மதியம் வரை மாற்றப்படவில்லை. மருத்துவரின் கட்டணமோ அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு.

இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த 68 வயதுத் தாத்தாவுக்கு மூன்றாம் நாள் காலை வயிற்றுப்போக்கு தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. காபி குடிக்க வராததைக் கவனித்த மருமகள், "மாமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். "ஒன்றுமில்லையம்மா, கப்பல் ஆடுகிறதல்லவா, அதுதான்" என்று பதில் வந்தது. தம்மையும் அடைத்து வைப்பார்கள், இன்னொரு பெரிய கட்டணம் மகன் தலையில் விழும் என்பதே அவருடைய எண்ணம்.

அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. ஒழுங்கான மனிதர், மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைத்ததை ஒருவேளைகூடத் தவறவிடாதவர். எதுவும் உண்ணாமல், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வயிற்றுப்போக்குடன் இருந்த அந்த இரண்டு நாட்களிலும் எல்லா மாத்திரைகளையும் தவறாமல் விழுங்கினார். உடல்வலிக்காக வலி மாத்திரையும் இரண்டு. பெட்டியில் இருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். தமக்குச் சர்க்கரை இருப்பதால் அது ஆகாது என்று நினைத்தார். விமானத்தில் தள்ளாடி ஏறி, ஊர் வந்த அன்றே எங்களிடம் கொண்டுவரப்பட்டார். முந்தைய பரிசோதனையில் 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் அன்று 4.6. சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லி வைத்திருந்தோம். நல்வாய்ப்பாக, நரம்பு வழி நீர் கொடுத்ததிலேயே சிறுநீரகம் மீண்டது. ஒன்பது நாட்கள் உள்நோயாளியாக இருந்தார்.

பேத்தியும் மகனும் இரண்டே நாட்களில் குணமாகியிருந்தனர். கிருமி எல்லோருக்கும் ஒன்றேதான். கப்பலில் குறைந்த வயதும் அதிகத் தொல்லையும் அந்தக் குழந்தைக்கு, ஆபத்து தாத்தாவுக்கு.

எது சேவைக் குறை, எது சிகிச்சை?

கேபினை விட்டு வெளியே வரக் கூடாது என்பது தண்டனை அன்று. நோய்க்குறிகள் நின்று குறைந்தது 24 மணி நேரம் ஆகும் வரை பயணியைத் தனியே இருக்கச் சொல்வது வழக்கமான மருத்துவ நெறி. உணவைக் கையாளும் பணியாளர் என்றால் 48 மணி நேரம். பஃபேயில் நாமே எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டுப் பணியாளர்களே பரிமாறுவது, மேசையிலிருந்து உப்புக் குப்பியை அகற்றுவது, நீச்சல் குளத்தை மூடுவது, குளோரின் நெடி வீசும் திரவத்தால் கைப்பிடிகளை மீண்டும் மீண்டும் துடைப்பது ஆகியவை பயணத்தின் இனிமையைக் குறைக்கும். ஆனால் இவை நடப்பது நல்ல அறிகுறி. நோய் பரவும்போது இவற்றைச் செய்யாமல் வழக்கம்போல ஆட்டமும் பாட்டமும் நடத்தும் கப்பலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேலை மெதுவாக நடப்பதற்கும் சில வேளை காரணம் உண்டு. நோய் பணியாளர்களையும் விடுவதில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் தனிமைப்படுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பரவியது கொரோனா. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று. பயணிகள் அறைகளில் இருக்க, பணியாளர்கள் ஒரே அறையில் இருவர் மூவராகத் தங்கியபடி அவர்களுக்கு உணவு கொண்டுபோனார்கள். முதலில் தொற்று உறுதியான 20 பணியாளர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். அக்கப்பலில் 132 இந்தியப் பணியாளர்கள் இருந்தனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் உண்டு. தாமதமாக வரும் தட்டை வாங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி மன்னித்துவிட முடியாது. தனிமையில் வைக்கப்பட்டவருக்குக் குடிநீர் பல மணி நேரம் கிடைக்காமற் போவது சேவைக் குறை மட்டுமன்று, மருத்துவக் குறையும் ஆகும். வெளியே போகாதே என்று சொல்பவர், வேண்டியதை உள்ளே கொண்டுவந்து தரக் கடமைப்பட்டவர். வாந்தி பட்ட விரிப்பை நெடுநேரம் மாற்றாதது நோயைப் பரப்பும். ஆகவே, தயங்காமல் கேளுங்கள். வரவேற்புப் பிரிவு எடுக்காவிட்டால் கப்பலின் மருத்துவ மையத்தின் எண்ணுக்கு அழைத்து, "நோயாளிக்குக் குடிக்க நீர் இல்லை" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். சாப்பாடு ஆறிவிட்டது என்பது முறையீடாகக் கொள்ளப்படும். நோயாளிக்கு நீர் இல்லை என்பதை மருத்துவர் அவசரமாகவே கொள்வார்.

உப்பும் சர்க்கரையும் நீரும்

நோரோ வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸ்மீது வேலை செய்யா. கடைகளில் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதால் பயனில்லை. இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே சிகிச்சை.

இதன் பெருமையை நிறுவியவர்களுள் ஒருவர் வங்கத்து மருத்துவர் திலீப் மகலநபிஸ். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் நீர் தீர்ந்துகொண்டிருந்த நிலையில் அவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்த முகாமில் மருந்து கொடுத்தவர்கள் செவிலியர்கள் அல்லர். தாயும் தந்தையும் அண்ணனும் அக்காளும்தான். அதே வேலையைத்தான் கேபினில் நாமும் செய்ய வேண்டியிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவன அளவுப்படி தயாரான பொட்டலத்தை வாங்குங்கள். அதன்மேல் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அது வயிற்றுப்போக்கை மேலும் கூட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். பழச்சாறு போன்ற அட்டைப் பெட்டிகளில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. அச்சொல்லை அத்தகைய பானங்களின் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கப்பலின் எந்த உணவுக்கூடத்திலும் இவ்விரண்டும் கிடைக்கும். உப்பிட்ட கஞ்சி, மோர் கிடைத்தாலும் நல்லதே.

வாந்தி நிற்கவில்லையே, குடித்தால் வெளியே வந்துவிடுகிறதே என்பார்கள். பத்து நிமிடம் பொறுத்து, குழந்தையானால் ஒவ்வொரு தேக்கரண்டியாக நிமிடத்துக்கு ஒருமுறையும், பெரியவரானால் ஒவ்வொரு வாயாகவும் கொடுங்கள். டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால்தான் திரும்ப வரும். ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்கு ஒரு டம்ளர் என்பது ஏறத்தாழக் கணக்கு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு அழுத்திச் சொல்கிறோம்: இக்கரைசல் உங்களுக்கும் உரியதே. ஒரு லிட்டரில் உள்ள குளுக்கோஸ் 13.5 கிராம், மூன்று இட்லியில் உள்ள மாவுச்சத்து இதைவிட அதிகம். குளிர்பானம் ஒரு லிட்டரில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. கரைசலில் உள்ள சிறிதளவு குளுக்கோஸ் இல்லாவிட்டால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சாது. அது சுவைக்காகப் போட்டதன்று. இதயச் செயலிழப்புக்காகவோ டயாலிசிஸ் சிகிச்சையிலோ நீரளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் இளநீரைத் தாமாகக் குடிக்கக் கூடாது. அதில் பொட்டாசியம் மிகுதி.

மாத்திரை டப்பா

மேலே சொன்ன பெரியவருடைய சிறுநீரகத்தை வயிற்றுப்போக்கு மட்டுமே அவ்வளவு பாதித்திருக்காது. சிறுநீரகத்தின் வடிகட்டியில் இரத்தம் ஒரு நுண்குழாய் வழியே நுழைந்து இன்னொன்றின் வழியே வெளியேறுகிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் உள்வரும் குழாயை விரித்தும் வெளியேறும் குழாயைச் சுருக்கியும் வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் வெளியேறும் குழாயைச் சுருங்க விடா. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உள்வரும் குழாயை விரிய விடா. சிறுநீர் பெருக்கிகள் இருக்கிற நீரையும் வெளியேற்றும். நல்ல நாளில் இவற்றுள் பல உடலைக் காப்பவை. நீர் வற்றிய நாளில் மூன்றும் சேர்ந்தால் வடிகட்டி நின்றுவிடுகிறது.

சர்க்கரை மாத்திரைகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இப்போது பரவலாகத் தரப்படுகிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவதால் நீரும் கூடவே போகும். உண்ணாத நிலையில் இதைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தும் உண்டு. அப்போது குளுக்கோமீட்டரில் அளவு பெரிதாக உயராமலே இருக்கலாம் என்பதால், "சுகர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்துவிடுவோம். மெட்ஃபார்மின் சிறுநீரகம் தளரும்போது உடலில் தேங்கும்.

எனவே, வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருந்து சரிவர உண்ணவும் பருகவும் முடியாத நாட்களில் எந்தெந்த மாத்திரைகளை நிறுத்தி வைப்பது என்பதைப் பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக, வழக்கம்போல உண்ணத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் அவற்றை மீண்டும் தொடங்கச் சொல்வோம். இன்சுலின் மட்டும் இதில் சேராது. அளவை மாற்ற வேண்டியிருக்கும். முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் போதும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்கும், மலத்தில் இரத்தமோ அதிகக் காய்ச்சலோ உள்ளவர்களுக்கும் தரக் கூடாது.

எப்போது கப்பல் மருத்துவரை அழைப்பது?

கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டலில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இரா. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்தின்மேல் பழி போடாதீர்கள். இளம் வயதினர் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். 65 வயதைக் கடந்தவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர் ஆகியோருக்கு முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமை, எழுந்து நின்றால் தலை சுற்றுதல், பேச்சில் தடுமாற்றம், கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தும் தங்காமை, மலத்தில் இரத்தம், குழந்தை கண்ணீரின்றி அழுதல் அல்லது துவண்டு கிடத்தல் ஆகியவை யாருக்கு வந்தாலும் உடனே அழைக்க வேண்டியவை. பெரியவர்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் விடை வரும். "இன்று எத்தனை முறை சிறுநீர் போனீர்கள்?" என்று கேளுங்கள்.

கப்பல் மருத்துவ மையத்தில் நரம்பு வழி நீர், இசிஜி, சில இரத்தப் பரிசோதனைகள் கிடைக்கும். டயாலிசிஸையோ பெரிய அறுவையையோ எதிர்பார்க்கக் கூடாது. கட்டணம் கூடுதல்தான், அக்கட்டணத்தின் அச்சம் நோயை மறைக்கத் தூண்டாதிருக்கவே பயணக் காப்பீடு. பெரியவர்களின் பழைய நோய்களை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி, கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். கப்பல் மருத்துவரிடமிருந்து ரசீதுடன், என்ன கண்டார், எவ்வளவு நீர் ஏற்றினார், பரிசோதனை முடிவுகள் எவை என்ற குறிப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கும். எங்களுக்கோ அந்த ஒரு தாள் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். சேவைக் குறைபற்றி முறையிட விரும்புவோரும் எந்த நேரத்தில் அழைத்தோம், எப்போது வந்தார்கள் என்பதை அன்றன்றே குறித்து வைத்தால் பின்னர் உதவும்.

கையும் கழிப்பறையும்

உணவுக்கூட வாயிலில் கையில் தெளிக்கும் சானிட்டைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவுவதே வழி; உணவுக்கு முன்பும் கழிப்பறைக்குப் பின்பும் குழந்தைகளுக்கு நீங்களே நின்று கழுவி விடுங்கள்.

வீடு திரும்பியபின் வேலை முடிந்துவிடுவதில்லை. நலமடைந்தவரின் மலத்தில் இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். முதல் 48 மணி நேரமாவது அவர் மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம். அம்மாவுக்கே நோய் வந்திருந்தாலும் இதே விதிதான். இதைச் சொல்லும்போது வீடுகளில் ஒரு சங்கடமான அமைதி நிலவுவதையும் கண்டிருக்கிறோம். வாந்தி பட்ட உடைகளைத் தனிப் பையில் கட்டிவந்து, உதறாமல், வெந்நீரில் துவையுங்கள். கழிப்பறையையும் கைப்பிடிகளையும் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் என்று புட்டியில் அச்சிட்டிருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 20 மி.லி. குறைந்தபட்ச அளவு; வாந்தி பட்ட இடத்துக்கு அதைவிடக் கூடுதலாக 100 மி.லி. வரை கலக்கலாம். துடைத்தபின் சில நிமிடங்கள் ஈரமாகவே விட்டுவையுங்கள். கையுறை அணியுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்துடன் இதை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வெளிப்படும்.